எண்ணெய் படாத கை

அச்சன்புதூர் சாலையில் இருக்கும் அந்தத் தொழிற்சாலையில், செங்கோட்டை மரமில்களிலிருந்து வரும் மரத்தூளை இறுக்கிக் கட்டைகளாக்கி பாய்லர்களுக்கு அனுப்புவார்கள். ஒரு கிராம் கட்டை எரிந்தால் எவ்வளவு சூடு தரும் என்று அளந்து சொல்லத்தான் கலோரிமீட்டர். பழையது ஒன்பது மாதத்துக்கு முன்னால் தீ விபத்தில், அதை இயக்கிய பேச்சிராஜோடு போயிற்று. புதியது ஆடி மாதச் சாரலில், தார்ப்பாய் போர்த்திய வண்டியில் வந்து இறங்கியது.

பேச்சிராஜின் மனைவி அனுசியா வேதியியல் படித்தவள். புருஷன் இருந்த இடத்தில் அவளையே வேலைக்கு வைத்திருந்தார் முதலாளி சிவசைலம். அவள்தான் அட்டைப்பெட்டியைப் பிரித்தாள். எரிபொருளை வைத்து மூடுகிற தடித்த எஃகுக் குடுவையைக் கைக்குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கி மேசையில் வைத்தாள்.

மெஷினைப் பொருத்த மதுரையிலிருந்து புவனேஷ் வந்திருந்தான். முதலில் மேசையின் மட்டம் பார்த்தான். பிறகு பிளக்கில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"எர்த் சரியில்லையே. ரீடிங் ஆடும்."

சுவருக்கு வெளியே எர்த் குழியில் நனைந்துகொண்டு நின்ற எலெக்ட்ரீஷியன் அப்துல் ஜப்பார் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "கரியும் உப்பும் மூடை மூடையா கொட்டியாச்சு தம்பி. இனியும் போட்டா குழிக்கே பிபி ஏறிரும்."

"கம்பியை மாத்திப் பாருங்க அண்ணே."

"மாத்துதேன், மாத்துதேன். மழையில நிக்கது நான், ஆடுதது உம்ம ரீடிங்."

கம்பியை மாற்றியதும் மீட்டர் அடங்கியது. தொட்டித் தண்ணீர் சில்லென்று இருந்ததால், அறைச் சூட்டுக்கு வரட்டும் என்று இரண்டு லிட்டர் அளந்து, குடுவையை முக்கும் வாளியில் வைத்தாள் அனுசியா. ஆக்சிஜன் சிலிண்டரைச் சங்கிலியால் சுவரோடு கட்டினார்கள். சிலிண்டர் வாயில் மாட்டி அழுத்தத்தைக் குறைக்கும் புது ரெகுலேட்டரைப் புவனேஷ் பையிலிருந்து எடுத்தான்.

"இதுல மட்டும் எண்ணெய், கிரீஸ் ஒரு பொட்டுக்கூடப் படக்கூடாது. அழுத்தத்தோட ஆக்சிஜன் பாயிறப்ப எண்ணெய் தானா தீப்பிடிக்கும்."

"அது தெரியாமத்தான ஒரு மனுசன்..." என்று தொடங்கிய ஜப்பார் அனுசியாவைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

விசாரணையிலும் அப்படித்தான் எழுதினார்கள். ரெகுலேட்டர் மரையில் எண்ணெய்ப் பிசுக்கு, பணியாளரின் கவனக்குறைவு. மேசையில் கிடந்த புவனேஷின் படிவத்திலும், பழைய மெஷின் போன காரணம் என்ற இடத்தில், முதலாளி சொல்லி எழுதிய அதே வரி பேச்சிராஜ் பெயரோடு இருந்தது. ஊரில் யார் அதைச் சொன்னாலும் அனுசியாவின் மாமியார் முருகம்மாள் எகிறிக்கொண்டு வருவாள். "எம்புள்ள வேலைக்குப் போற அன்னிக்குத் தலைக்குக்கூட எண்ணெய் வைக்க மாட்டாம்லே!"

உண்மைதான். பரட்டைத் தலையோடு கிளம்பும் அவனை அனுசியா எத்தனை நாள் கேலி செய்திருக்கிறாள். அவன் சிரிப்பானே தவிர, ஏன் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

போன ஆயுத பூஜைக்கு அவளையும் கூட்டி வந்திருந்தான். ஸ்பேனர், திருப்புளி, கழற்றிய ரெகுலேட்டர் எல்லாவற்றையும் வாழையிலையில் பரப்பிவிட்டுப் பொரி வாங்கத் தென்காசிக்குப் போனான். ரெகுலேட்டரின் பித்தளை கறுத்துக் கிடந்தது. வீட்டுக் குத்துவிளக்கைத் துடைக்கிறாற்போல அவள் தேங்காயெண்ணெய் தொட்டு, மரை இடுக்கெல்லாம் துணி விட்டு, பிறகு ஈரம் தெரியாமல் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தாள். அவன் திரும்பி வந்து பார்த்தபோது அது தங்கமாக மின்னியது. "புதுசு கணக்கா இருக்கே!" என்றான். மறுநாள் விடுமுறை. அதற்கு மறுநாள் காலை, அதை மாட்டித் திறந்தான்.

ஒன்பது மாதமாக இதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மாமியார் முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால், செத்தவன் மேல் அந்தப் பழி கிடந்துகொண்டே இருக்கும்.

சிவசைலம் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் தட்டு. சந்தனம், குங்குமம், சின்னக் கிண்ணத்தில் எண்ணெய்.

"எம்மா அனுசியா, தொடங்குததுக்கு முன்னால நீயே தொடச்சுப் பொட்டு வையி. போன பூசைக்கு நீதான எல்லாத்தையும் பளபளன்னு ஆக்குன."

அனுசியா எண்ணெய்க் கிண்ணத்தைக் காட்டினாள்.

"அதை வெளிய கொண்டு போங்க அண்ணாச்சி."

"என்னம்மா?"

"எண்ணெயை வெளிய கொண்டு போங்க. அன்னிக்கு ரெகுலேட்டரத் தொடச்சதும் நாந்தான். தேங்காயெண்ண போட்டுத் தொடச்சேன். அவுகளுக்குத் தெரியாது."

வெளியே குழியை மூடிக்கொண்டிருந்த ஜப்பாரின் மண்வெட்டிச் சத்தம் நின்றது. சிவசைலம் தட்டைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்தார். "முடிஞ்சு போன கதை. போனவன் வரப் போறானா? நீ பொழைக்கணும்லா. யாருட்டயும் சொல்லாத. தம்பி, நீரும் எதையும் எழுதிராதேயும்."

அனுசியா புவனேஷின் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தாள். படிவத்தில் பேச்சிராஜ் பெயர் இருந்த வரியைக் குறுக்கே அடித்தாள். அதன் கீழே நடந்ததை நாலே வரியில் எழுதித் தன் கையெழுத்தைப் போட்டாள்.

பிறகு போய்ச் சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவினாள். புது ரெகுலேட்டரை மாட்டிச் சிலிண்டரை அவள்தான் திறந்தாள். ஒன்றும் ஆகவில்லை. எவ்வளவு சூடு தரும் என்று முன்னமே தெரிந்த சோதனை மாத்திரை குடுவைக்குள் எரிந்து, வாளித் தண்ணீர் இரண்டரை டிகிரி ஏறிற்று. "சரியா இருக்கு," என்றான் புவனேஷ், மெதுவாக. சிவசைலம் அதற்குள் போய்விட்டிருந்தார். நாளைக்கு வா என்றோ வராதே என்றோ அவர் சொல்லவில்லை.

வீட்டில் முருகம்மாள் சோறு வடித்து வைத்திருந்தாள். "நனைஞ்சுட்டியே, தலையைத் துவட்டு. புது மிஷினு ஓடுதா?"

"ஓடுது அத்தை."

முருகம்மாள் தட்டில் சோற்றைப் போட்டாள். அந்தச் சோற்றில் கை வைப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று, அனுசியா ஈரச் சேலையோடு அவள் எதிரில் உட்கார்ந்தாள்.