கவுண்டரில் ஒரு பாடம்

மூன்றாவது முறையும் அந்த லேப்டாப் நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தது. கூடவே ஒரு சீட்டு. பரிசோதித்துவிட்டார்களாம், கோளாறு எதுவும் இல்லையாம். சர்வீஸ் சென்டரில் நாள் முழுக்க மூச்சுவிடாமல் ஓடுகிறது. எங்கள் வீட்டு மேஜைக்கு வந்து இரண்டு நாள் ஆனதும் தன் புத்தியைக் காட்டுகிறது. வெளியில் சமர்த்து, வீட்டுக்குள் அடாவடி. இப்படிப்பட்ட மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். மெஷினிலும் உண்டு என்பதை இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

படம் பார்க்க வாங்கியதாக இருந்தால் தொலைந்து போ என்று மூலையில் வைத்திருப்பேன். இது என் வீட்டுக்காரரின் பேச்சுக்காக வாங்கியது. பக்கவாதம் வந்த பிறகு கால் தேறிவிட்டது, வலது கையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி வருகிறது. நாக்குதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பேச்சுப் பயிற்சி தரும் டீச்சர் வேறு ஊரில் இருக்கிறார். தினமும் காலையில் திரையில் வருவார். அவருடைய உதட்டைப் பார்த்து இவர் சொல்ல வேண்டும். போனில் உதடு பொட்டு மாதிரி தெரிகிறது, அதனால்தான் லேப்டாப். பேச்சு திரும்ப முதல் வருஷம்தான் முக்கியம், அதைக் கோட்டை விட்டுவிடாதீர்கள் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

லேப்டாப் பட்டென்று அணைந்து தொலைந்தால்கூடப் பரவாயில்லை. அப்படிச் செய்யாது. டீச்சர் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்து நிற்பார். அவர் தனக்காகத்தான் காத்திருக்கிறார் என்று இவர் நினைத்துக்கொள்வார். அதே வார்த்தையைத் திரும்பத் திரும்ப முயற்சி செய்வார். சரியாகவே சொன்னாலும் அங்கே தலையாட்ட ஆள் இருக்காது. நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவதற்குள் முகம் சுருங்கிப் போயிருக்கும். நின்றது மெஷின், நீங்கள் இல்லை என்று நான் தலைகீழாக நின்று சொன்னாலும் ஏறாது. பெண்டாட்டி ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைப்பு. அன்றைக்கு முழுவதும் வாயே திறக்க மாட்டார்.

பேசாத மனிதரா அவர்? மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவர். ஒரு திருகைக் கழற்றுவதற்குள் ஊர்க்கதை முழுவதையும் சொல்லி முடிப்பார். மிக்ஸியை வாங்கிப் போக வந்தவர்கள் கதை முடியட்டும் என்று காத்து நிற்பார்கள். அந்தக் கடையில் அவர் கற்றுக்கொண்ட ஒரு பழக்கம் மட்டும் இன்னும் விடவில்லை. எந்தச் சாமானையும் அழுக்கோடு இன்னொரு ரிப்பேர்காரர் கையில் கொடுக்க மாட்டார். கரி பிடித்த மிக்ஸிகளைத் தொட்டுத் தொட்டு அவர் பட்ட பாடு அப்படி.

லேப்டாப்பைச் சர்வீஸுக்கு எடுத்துப் போகும் ஒவ்வொரு தடவையும், முதல் நாள் டூல்ஸ் பெட்டியோடு உட்கார்ந்துவிடுவார். இடது கையாலேயே அடிமூடியின் திருகுகளைக் கழற்றிக் கிண்ணத்தில் போடுவார். பிரஷ்ஷால் தூசி தட்டி, உள்ளே இருக்கும் குட்டி ஃபேனை ஊதிவிட்டு, மறுபடி மூடி, பளபளவென்று துடைத்து என்னிடம் நீட்டுவார். பள்ளிக்கூடத்துக்குத் தலைவாரி அனுப்பும் பிள்ளை மாதிரி இருக்கும் அது. நான் தடுக்கவில்லை. நோய்க்குப் பிறகு அவர் ஆசையாக உட்கார்ந்து செய்த ஒரே வேலை அதுதான். பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஆனந்தமாக இருக்கும்.

நான்காவது முறை லேப்டாப் பாதிப் பாடத்தில் நின்றபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. வாரண்டி அந்த வாரத்தோடு முடிகிறது. கோளாறைத் தங்கள் ஆள் கண்ணால் பார்த்தால்தான் வேறு லேப்டாப் தர முடியும் என்று சர்வீஸ் சென்டரில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். சரி, கண்ணாலேயே பார்க்கட்டும். அவர் டூல்ஸ் பெட்டியை எடுப்பதற்குள் லேப்டாப்பைப் பைக்குள் தள்ளினேன். மிச்சப் பாடத்தை அந்தக் கவுண்டரிலேயே நடத்த முடியுமா என்று டீச்சரைப் போனில் கேட்டேன். உடனே சரி என்றார். இவர்தான் மாட்டேன் என்று தலையாட்டினார்.

காரணம் எனக்குத் தெரியும். வெளியாட்கள் அவரிடம் காது கேட்காதவரிடம் பேசுவது போல உரக்கப் பேசுகிறார்கள். இல்லாவிட்டால் பாதி வார்த்தையிலேயே பிடுங்கித் தாங்களே முடித்துவிடுகிறார்கள். அதனால் வீட்டுக்கு வெளியே அவர் வாய் திறப்பதே இல்லை. நான் சட்டையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"எனக்கு உங்ககூடப் பேசணும். அதுக்குத்தான் இவ்வளவு பாடும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு" என்றேன்.

அழக்கூடாது என்றுதான் இருந்தேன், அழுதுவிட்டேன். அவர் சட்டையை வாங்கிக்கொண்டார்.

சர்வீஸ் சென்டரில் நல்ல கூட்டம். கவுண்டரில் இருந்த இளம்பெண் எங்களைப் பார்த்ததும் மறுபடியுமா என்பது போல நிமிர்ந்தாள். விஷயத்தைச் சொன்னதும் ஒரு ஓரமாக மேஜையும் நாற்காலியும் போட்டுக் கொடுத்து, தானும் பக்கத்தில் நின்றுகொண்டாள். டீச்சர் திரையில் வந்தார். குடை, சாவி, செருப்பு என்று படம் காட்டினார். இவர் முதலில் உதட்டை மட்டும் அசைத்தார். அப்புறம் சத்தம் வந்தது. காத்திருந்தவர்களில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். இவர் காது சிவந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. அந்தப் பாழாய்ப்போன லேப்டாப்பும் நிற்கவில்லை. பேசும் இவரைப் பார்த்துப் பெருமைப்படுவதா, ஓடும் அதைப் பார்த்துத் திட்டுவதா என்று தெரியாமல் நான் தவித்தேன்.

ஜன்னல் படம் வந்தபோது டீச்சர் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார்.

இவர் "ஜ... ஜன்... ஜன்னல்" என்றார். பதில் இல்லை. மறுபடி சொன்னார். மறுபடியும் சொன்னார். அந்தப் பெண் குனிந்து இரண்டு பட்டன்களை அழுத்திப் பார்த்தாள். பிறகு லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"சார், நீங்க சரியாத்தான் சொன்னீங்க. இதுதான் நின்னுடுச்சு" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. நான் மாதக்கணக்கில் தொண்டை கிழியச் சொன்னது ஏறவில்லை. யாரோ ஒரு பெண் ஒரு தடவை சொன்னதும் ஏறிவிட்டது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அவள் லேப்டாப்பைக் கவிழ்த்து அடிமூடியைக் கூர்ந்து பார்த்தாள். திருகுகளின் தலையில் தேய்ந்த தடம் இருந்தது. இதை வெளியில் யாராவது திறந்தீர்களா, திறந்திருந்தால் வாரண்டி செல்லாமல் போகலாம் என்றாள். கிண்ணமும் பிரஷ்ஷும் கண் முன்னால் வந்தன.

"யாரும் தொடலம்மா" என்றேன், கண்ணை மூடித் திறப்பதற்குள்.

"நா... நான்" என்றார் அவர்.

மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

"நான்தான்... தெறந்தேன்."

"நீங்க பேசாம இருங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. எந்த வாய் திறக்காதா என்று ஏங்கிக் கிடந்தேனோ, அந்த வாயை நானே பொத்தப் பார்க்கிறேன். மிதித்த காலை உள்ளுக்கு இழுத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் அவரை அவசரப்படுத்தவில்லை. வார்த்தை எடுத்துக் கொடுக்கவும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பின்னால் யாரோ தொண்டையைச் செருமியபோது கையைக் காட்டி இருக்கச் சொன்னாள்.

"தூசி... தொடச்சேன். ஃபேன... ஊதினேன். ஒவ்வொரு... வாட்டியும். அழுக்கா... கொடுக்கக் கூடாது... உங்களுக்கு" என்று முடித்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

அவள் லேப்டாப்பை உள்ளே எடுத்துப் போனாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பு இருந்தது. உள்ளே கம்பெனி ஒட்டிய சீல் பிரியவில்லையாம், அடிமூடியை மட்டும் கழற்றியது குற்றம் இல்லையாம். அவர் சுத்தம் செய்து கொடுத்ததால்தான் ஒவ்வொரு முறையும் சூடாகாமல் அங்கே ஒழுங்காக ஓடியிருக்கிறது. அடிக்கடி சுத்தம் செய்தும் இரண்டே நாளில் நிற்கிறது என்றால் தூசி காரணம் இல்லை, உள்ளே இருக்கும் போர்டே பழுதாகிச் சூடேறுகிறது என்று மேலதிகாரியும் ஒத்துக்கொண்டாராம். புது லேப்டாப் வீட்டுக்கே வந்துவிடும் என்றாள். சார் உண்மையைச் சொன்னதால்தான் இது தெரிந்தது என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். நான் அசடு வழிந்தேன்.

பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். இறங்கி எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் ஆரம்பித்தார்.

"பொய்... எதுக்கு... சொன்ன?"

பயந்துட்டேன் என்றேன். அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாய்க்கு வாய் பொய், கேட்டால் பயம் என்றார். அந்தப் பொண்ணு என்ன நினைச்சிருக்கும் என்றார். காலை மிதித்ததற்குத் தனியாக ஒன்று. ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று, மூச்சு வாங்கி, தேடிப் பிடித்துத் திட்டினார். எதிரே வந்த பக்கத்து வீட்டுக்காரர் எங்களைப் பார்த்து ஒதுங்கிப் போனார். அதையும் அவர் கண்டுகொள்ளவில்லை. கண்ணீரும் சிரிப்புமாக நான் அத்தனையையும் வாங்கிக்கொண்டு வந்தேன். கல்யாணமான நாளிலிருந்து ஒரு திட்டுக்கும் நான் பதில் சொல்லாமல் இருந்ததில்லை.

வீட்டு வாசலை அடைந்தபோது அவர் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தார். "இனிமே..." என்று தொடங்கி அடுத்த வார்த்தை கிடைக்காமல் நின்றார். சாவி என் கையில்தான் இருந்தது. அவர் சொல்லி முடிக்கும்வரை நான் கதவைத் திறக்கவில்லை.