வெறும் மாத்திரை

பல்லுக்காரியின் கால்கள் தரைக்குள் இறங்க ஆரம்பித்தது, எங்கள் குடியிருப்பின் மாடிப்படிக்கு வெள்ளையடித்த வருஷத்தில். முதலில் நகக்கண் அளவுதான். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்றிருந்தவள் நகர்ந்தபோது சிமெண்டுத் தரையில் இரண்டு பாதங்களின் பள்ளம் தெரிந்தது. சற்று நேரத்தில் தரை தானாக மூடிக்கொண்டது. விரிசல் இல்லை, தூசி இல்லை, சத்தமும் இல்லை. பிசைந்த மாவில் விரலை வைத்து எடுத்தால் எப்படியோ அப்படி. அவள் கணவன் குனிந்து உட்கார்ந்து, விரல் மடக்கித் தட்டிப் பார்த்தான். தரை கெட்டியாகத்தான் இருந்தது. அவன் நின்றால் தாங்கியது, விருந்தாளிகள் நின்றால் தாங்கியது, இரும்பு பீரோவைத் தாங்கியது. அவளை மட்டும் தாங்கவில்லை. இத்தனைக்கும் அவள் அந்த வருஷம் இளைத்துப் போயிருந்தாள்.

பல்லுக்காரி என்றதும் பல் எடுப்பாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் பல் செட் செய்கிறவள். ஒரு பல் வைத்தியரின் கிளினிக்குக்குப் பின்னால், ஜன்னல் ஒன்று மட்டும் உள்ள அறையில், ரோஜா நிற மெழுகில் ஒவ்வொரு பல்லாக அடுக்குவது அவள் வேலை. ஊரில் பாதிப் பேர் அவள் கொடுத்த பல்லால்தான் சிரித்தார்கள். யார் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. கணவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன், ஆகவே லிஃப்ட்காரன். எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் கிடையாது என்பதால், ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிட்டு இவன் மூன்று மாடி நடந்து ஏறுகிறான் என்று எல்லோரும் கேலி செய்வோம். அவனும் சிரித்துக்கொள்வான். மகன் வேறு ஊரில் வேலையில் இருந்தான், நன்றாகவே இருந்தான். வீட்டில் சண்டை இல்லை, வியாதி இல்லை, சாவு இல்லை. அதுதான் பிரச்சினையாகிவிட்டது. காரணம் உள்ள துக்கத்துக்கு ஊர் பக்கத்தில் வந்து உட்காரும். காரணம் இல்லாத துக்கத்தை அது மன்னிக்கவே மன்னிக்காது.

வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. புருஷன்தான் காரணம் என்றார்கள், மகன்தான் என்றார்கள், அந்த அறையின் மெழுகு வாசனை என்றார்கள். நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்றபடி எல்லாவற்றையும் பார்த்தார்கள். லிஃப்ட்காரனின் அக்கா வந்து ஒரு வாரம் தங்கி, நாலு இடம் வெளியே போய்வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தினமும் சொல்லிவிட்டுப் போனாள். மகன் போனில் சரியாகிவிடும் என்றான். பல் வைத்தியர் சரியாகிவிடும் என்று சொல்லி லீவு கொடுத்தார். அவள் எல்லோரிடமும் தலையாட்டினாள். ஒவ்வொரு தலையாட்டலுக்கும் தரை இன்னும் கொஞ்சம் இளகியது. நாற்காலியில் உட்கார வைத்தால் நாற்காலியின் கால்களும் சேர்ந்து இறங்கின. கட்டிலில் படுத்தால் கட்டில். கடைசியில் லிஃப்ட்காரன் தன் வேலைப் பழக்கத்தில் ஒரு வழி செய்தான். கூடத்துச் சீலிங் கொக்கியில் பாரம் தூக்கும் செயின் பிளாக்கை மாட்டி, லிஃப்ட் குழியில் இறங்கும்போது தான் கட்டிக்கொள்ளும் இடுப்புப் பட்டையை அவளுக்குக் கட்டி, அவள் எவ்வளவு இறங்குகிறாளோ அவ்வளவு சங்கிலியை இழுத்துவிட்டான். அப்படியும் முழங்காலுக்குக் கீழே தரைக்குள் போவதை அவனால் தடுக்க முடியவில்லை.

கீழ்வீட்டில் கண்ணாடிக் கடைக்காரரும் அவர் தங்கையும் இருந்தார்கள். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஒருநாள் தங்கை விளக்கைத் துடைக்க ஸ்டூல் போட்டு ஏறியபோது, விளக்குக்குப் பக்கத்தில் இரண்டு பாதங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. அவள் கத்தவில்லை. தொட்டுப் பார்த்தாள், சில்லென்று இருந்தன. உள்ளே போய் அண்ணனின் கம்பளிக் காலுறையைக் கொண்டுவந்து மாட்டிவிட்டாள். சாயங்காலம் மேலே போய், கால் குளிர்ந்து கிடந்தது, காலுறை போட்டிருக்கிறேன், அண்ணனுடையது, கொஞ்சம் பெரிசுதான் என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த வருஷம் பல்லுக்காரியிடம் சரியாகிவிடும் என்று சொல்லாத ஒரே ஆள் அவள்தான்.

ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் இருந்த டாக்டரம்மா இது மாதிரி பலரைப் பார்த்தவர். அவர் கொடுத்த மருந்தால், மார்பு வரை போய்விட்ட ஒரு தபால்காரர் மேலே வந்து, திரும்பவும் சைக்கிள் மிதித்தார். பல்லுக்காரிக்கும் அதே மருந்தைக் கொடுத்தார், மாற்றினார், கூட்டினார், குறைத்தார். அவள் இறங்குவது நின்றது. ஆனால் மேலே வரவில்லை. பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்த டாக்டரம்மா தன் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து அவள் முன்னால் வைத்தார். மேலே கொட்டை எழுத்தில் ‘வெறும் மாத்திரை’ என்று இருந்தது.

“இதுல மருந்துன்னு எதுவும் கிடையாது” என்றார். “மாவும் கொஞ்சம் சர்க்கரையும்தான். தெரிஞ்சே சாப்பிட்ட சில பேருக்கு நல்லாயிருக்கு. ஏன்னு எங்களுக்கே முழுசா தெரியாது. உங்களுக்கு ஆகுமான்னும் தெரியாது. பழைய மருந்தை நிறுத்தாதீங்க. கூடவே காலையில ஒண்ணு போட்டுப் பாருங்க.”

லிஃப்ட்காரன் எழுந்து போய்விடலாமா என்று யோசித்தான். பல்லுக்காரி சிரித்தாள். அவள் சிரித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. தான் செய்கிறதும் பொய்ப்பல்தானே, யாரும் அதை நிஜப்பல் என்று நம்பி மாட்டிக்கொள்வதில்லை, ஆனாலும் சாப்பாடு உள்ளே போகிறது என்றாள். டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையிலிருந்து சாப்பிட்டாள். உள்ளங்கையில் வைத்து, உனக்குள் ஒன்றுமில்லை என்று அதனிடமே சொல்லி, தண்ணீரோடு விழுங்கினாள். மாதம் முடிவதற்குள் கீழ்வீட்டுச் சீலிங்கில் குதிகால் மறைந்தது, பிறகு விரல்கள். காலுறையைத் துவைத்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். சங்கிலி தளர்ந்து தொங்கியது. அவள் வேலைக்குப் போனாள், கிளினிக் அறையிலும் தரை தாங்கியது. கண்ணாடிக் கடைக்காரர் மேலே போகிறவர்களிடமெல்லாம், மாவு மாத்திரையாம், சும்மா மாவு, என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார். நம்பாதவர்கள் போய்ப் பார்த்தார்கள். அவள் தரையில் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

நம்ப முடியாமல் போனது ஒருவனால்தான். லிஃப்ட்காரனுக்குத் தெரிந்த உலகத்தில், எந்தப் பெட்டியும் சும்மா மேலே நிற்காது. கம்பிவடம் இருக்க வேண்டும், மறுமுனையில் அதற்குச் சமமான எடை தொங்க வேண்டும், இரண்டும் போனால் பிடித்து நிறுத்த ஒரு பிரேக் இருக்க வேண்டும். ஒன்றுமில்லாததைப் பிடித்துக்கொண்டு மனைவி நிற்கிறாள் என்ற நினைப்பு அவனைச் சாப்பிடவிடவில்லை. அறுந்த வடத்தை யாரும் கவனிக்காத லிஃப்ட் மாதிரி அவள் நிற்கிறாள், ஒருநாள் கவனித்துவிடுவாள், அன்றைக்கு நேரே கீழே போய்விடுவாள் என்று பயந்தான். டாக்டரம்மாவிடம் போய், அவளுக்குத் தெரியாமல் அதற்குள் ஏதாவது நிஜ மருந்தை வைத்துக் கொடுங்கள் என்று கெஞ்சினான். அவர் முடியாது என்றார். சரி, வடத்தை நாமே பலப்படுத்துவோம் என்று முடிவு செய்தான். அன்பில்தான் செய்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் மாத்திரை டப்பாவை அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தபோது சொன்னான்.

“ஒண்ணு சொல்லணும். அதுல மருந்து இருக்கு. ரொம்ப உசத்தியான மருந்து. டாக்டர்தான் உன்கிட்ட சொல்ல வேணாம்னாங்க.”

கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் ஒரு பொய்கூடச் சொல்லாதவன் அவன். அதனால் அவள் நம்பினாள். அலமாரிக் கதவைச் சாத்தினாள், அவனைத் திரும்பிப் பார்த்தாள், தரை திறந்துகொண்டது.

இந்த முறை கொஞ்சம் கொஞ்சமாக இல்லை. இடுப்பு வரை ஒரே மூச்சில் போனாள், பட்டையைக் கட்டுவதற்குள் மார்பு வரை. சங்கிலியை இழுத்தால் சீலிங் கொக்கி பெயர்ந்து வந்தது. அவன் கீழ்வீட்டுக்கு ஓடி, காரேஜில் இரவல் வாங்கிய ஜாக்கியை மேசைமேல் நிறுத்தி, பாதங்களுக்கு அடியில் பலகை கொடுத்து ஏற்றிப் பார்த்தான். அவள் கால் பலகைக்குள் புதைந்ததே தவிர, அவள் ஒரு விரற்கடை மேலே போகவில்லை. கண்ணாடிக் கடைக்காரரின் தங்கை ஸ்டூலில் ஏறி அவள் பாதங்களைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். தாங்குவதற்கு இல்லை, சும்மா பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா வந்து சேர்ந்தபோது மேல்வீட்டுக் கூடத்தில் தோளும் தலையும் இரண்டு கைகளும்தான் மிச்சம் இருந்தன. டாக்டரம்மா அவளைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தார்.

“என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?”

அவன் சொன்னான். அவர் அவனைத் திட்டியிருந்தால் அவனுக்கு எளிதாக இருந்திருக்கும். அதை நீங்களே அவர்களிடம் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார்.

லிஃப்ட்காரன் தரையோடு தரையாகக் குப்புறப் படுத்தான். அப்படிப் படுத்தால்தான் முகத்துக்கு நேரே முகம் வந்தது. பொய் சொல்லிவிட்டேன் என்றான். அதில் மருந்து இல்லை, என்றைக்கும் இருந்ததில்லை என்றான். பயத்தில் சொல்லிவிட்டேன் என்று சொல்லும்போது அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை.

“எல்லாரும் சரியாயிடும், சரியாயிடும்னாங்க” என்றாள். “யாருக்கும் தெரியாது, ஆனா சொன்னாங்க. அந்த மாத்திரை ஒண்ணுதாங்க தன்னைப் பத்தி உண்மையைச் சொல்லிச்சு. நான் அது மேலதான் நின்னுட்டு இருந்தேன்.”

அவன் இன்னும் கிட்டே நகர்ந்து படுத்தான்.

“இப்ப சொல்லுங்க. நான் சரியாயிடுவேனா?”

கல் நெஞ்சுக்காரனுக்கும் அந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லத்தான் நாக்கு வரும். அவனுக்கும் வந்தது. அதை விழுங்கினான்.

“தெரியல” என்றான். “எனக்குத் தெரியலம்மா. நான் இங்கதான் இருப்பேன். அது மட்டுந்தான் தெரியும்.”

அவள் கையை நீட்டினாள். அவன் டப்பாவை எடுத்து ஒரு மாத்திரையை வைத்தான். அன்றைக்கு அவள் ஒரு விரற்கடைகூட மேலே வரவில்லை. ஆனால் அதற்குமேல் இறங்கவும் இல்லை, அவன் தரையில் ஒரு தலையணையைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே கிடந்தான். கீழ்வீட்டுத் தங்கை காலுறையைத் திரும்ப எடுத்து மாட்டிவிட்டாள். வெயில் காலம் முழுவதும் போய், காற்றடிக்கிற காலமும் போய், அடுத்த வெயில் வந்தபோதுதான் அவள் தரைமேல் நின்றாள். அதுவும் முழுசாக இல்லை. கடைசிவரை அவள் பாதம் நகக்கண் அளவு தரைக்குள்தான் இருந்தது. சிலருக்கு முழங்கால் வலி, சிலருக்கு மூச்சிரைப்பு, அவளுக்கு அது. எங்கள் மாடிப்படியில் அவளுக்கு முன்னால் ஏறியவர்கள், பின்னால் மெத்தென்று கேட்கும் நடையை வைத்தே வருவது பல்லுக்காரி என்று தெரிந்து ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் மாத்திரையை எடுத்துக் கொடுப்பது அவன் வேலையாயிற்று. கொடுக்கும்போது, இதுல ஒண்ணுமில்ல என்பான். தெரியும் என்பாள். மற்ற வீடுகளில் எழுந்தாச்சா என்று கேட்கிற மாதிரி அந்த வீட்டில் அது. கோபமான நாளில் கோபமாகச் சொன்னான், ஜுரத்தில் முனகலாகச் சொன்னான், வெளியூர் வேலைக்குப் போனால் போனில் சொன்னான். மகன் கல்யாணமாகி மனைவியோடு வந்தபோது, இது என்ன பேச்சு என்று அந்தப் பெண் திகைத்தாள். இரண்டாம் நாள் அவளுக்கும் பழகிவிட்டது. பல்லுக்காரிக்குத் தலை நரைத்தது. லிஃப்ட்காரன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றான். டாக்டரம்மாவும் ஓய்வு பெற்றார், அவருக்குப் பின் வந்தவர் அந்தக் கேஸைப் படித்துவிட்டு, தனக்கும் ஏன் என்று தெரியவில்லை என்று நேர்மையாகச் சொன்னார்.

லிஃப்ட்காரன் ஒரு பனிக்காலத்தில், தேநீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தான், அவ்வளவுதான். எல்லாக் காரியமும் முடிந்தது, வந்தவர்கள் போனார்கள், மகனும் மருமகளும் உள்ளறையில் அசந்து தூங்கினார்கள். மறுநாள் காலை குடியிருப்பில் யாரும் வேலைக்குக் கிளம்பவில்லை. காரணமே இல்லாமல் முழங்கால் வரை போனவள், இப்போது காரணம் வந்திருக்கிறது, தரை எங்கே தாங்கப்போகிறது என்று எல்லோருக்கும் அதே நினைப்பு. கண்ணாடிக் கடைக்காரரும் தங்கையும், இருவருக்குமே அப்போது நன்றாக வயதாகிவிட்டது, கூடத்திலிருந்த சாமானையெல்லாம் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, நடுவில் மெத்தையை விரித்துவிட்டு, அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

மேலே அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல்.

“இதுல ஒண்ணுமில்ல.”

சற்றுப் பொறுத்து, அதே குரல், தெரியும் என்றது. தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் அழ ஆரம்பித்தாள், சத்தமாக, தரைமேல் நின்றுகொண்டு, மத்தியானம்வரை அழுதாள். சீலிங் சீலிங்காகவே இருந்தது. கீழே அண்ணனும் தங்கையும் மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டு, அவளுக்கும் சேர்த்துச் சமைத்தார்கள்.