தரை கேஸ்

காலையிலிருந்தே ஆஸ்பத்திரிக்கு மஞ்சள் பூசிக் குளித்த களை வந்திருந்தது. படிக்கட்டெல்லாம் பினாயில் வாசனை, ஜன்னல்களில் புதுத் திரை. வாசலில் எப்போதும் சுருண்டு கிடக்கும் நாயைக்கூட யாரோ துரத்திவிட்டிருந்தார்கள். பிரசவ வார்டில் தாய்மார்கள் அடுத்தடுத்துச் செத்துப்போன சங்கதி பேப்பரில் வந்து நாறிவிட்டதால், சுகாதாரத் துறை அதிகாரிகள் மெட்ராஸிலிருந்து நேரில் பார்க்க வருகிறார்களாம். அவர்கள் கண்ணுக்குக் கட்டிலுக்கு ஒரு தாய்தான் தெரியவேண்டும். அந்த வார்டிலோ கட்டில்மேல் ஒருத்தி என்றால் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து இன்னொருத்தி. கீழே கிடப்பவர்களுக்குத் தரை கேஸ் என்று பெயர். அதிகாரிகள் வரும் நாளில் தரை கேஸ்களை என்ன செய்வது என்பதற்கும் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வார்டின் கடைசியில் பழைய மெத்தைகளைப் போட்டுவைக்கும் அறைக்குள் எல்லோரையும் அனுப்பி, கதவைச் சாத்தி, கதவு இருப்பதே தெரியாதபடி பச்சைத் துணித் தடுப்பு ஒன்றை முன்னால் நிறுத்திவிடுவார்கள். அவ்வளவுதான், வார்டு சரியாகிவிடும்.

தனம் தன் தங்கை சரசுவைக் கைத்தாங்கலாக அந்த அறைக்குள் கூட்டிவந்து சுவரோரம் படுக்கவைத்தாள். விடிகாலையில்தான் சரசுவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது; அதைத் துணியில் சுற்றி அவள் பக்கத்தில் கிடத்தினாள். அறைக்குள் ஏற்கெனவே எட்டுப் பத்துப் பேர், மடியில் குழந்தைகளோடு, முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆயா செல்வமேரி வாசலில் நின்று எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"இன்னா, எல்லாரும் கேட்டுக்கோங்க. ஆபீசருங்க போற வரிக்கும் ஒரு சத்தம் வரக்கூடாது. கொயந்த அயுதா பால் குடு, இல்ல வாய பொத்து. அப்பறம், எவளாவது தரைய நாஸ்தி பண்ணீங்க, சிஸ்டரு அப்படியே எழுதி எக்மோருக்கு அனுப்பிச்சிடும். சொல்லிட்டேன்."

எழும்பூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் துரத்திவிடுவார்கள் என்றதும் தனம் சரசுவின் துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பம்மலில் தோல் ஷெட்டில் வேலை பார்ப்பவள் அவள். நாற்காலியில் உட்கார்ந்து பேனா பிடிக்கிற யாரைக் கண்டாலும் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சரசு பிறந்த அன்றைக்கே அவர்கள் அம்மா வீட்டுத் தரையில் ரத்தம் போய்த்தான் செத்தாள். அதனால்தான் சரசுவின் புருஷன் குப்பன், பிரசவத்தை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றபோது, தனம் ஒற்றைக்காலில் நின்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தாள். இங்கே டாக்டர் இருக்கிறார், மருந்து இருக்கிறது, கவர்மென்ட்டே பார்த்துக்கொள்ளும் என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாள். இப்போது இங்கிருந்தும் விரட்டிவிட்டால் எங்கே போவது?

ஆகவே அவள் கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்தாள். சரசுவுக்கு வைத்திருந்த துணி நனைந்ததும், யாரும் பார்ப்பதற்குள் உருவிவிட்டு, பையிலிருந்த தன் பழைய புடவையைக் கிழித்து வேறு வைத்தாள். நனைந்ததைச் சுருட்டி ஆஸ்பத்திரித் துப்பட்டி ஒன்றுக்குள் போட்டு மெத்தைகளுக்குப் பின்னால் தள்ளினாள். கொஞ்ச நேரத்தில் அடுத்ததும் நனைந்தது. அதையும் மாற்றினாள். அதற்கடுத்ததையும்.

செல்வமேரி இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். இரண்டாவது தடவை சரசுவின் போர்வையைத் தூக்கியே பார்த்துவிட்டு, "இத்த பாருங்கடி, எவ்ளோ சுத்தமா வச்சிகினு கீது! நீங்களும் கீறீங்களே," என்று மற்றவர்களைத் திட்டினாள். தனத்துக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. பாவி மகள், அந்த நேரத்தில் அவள் சிரிக்கக்கூடச் செய்தாள்.

"அக்கா, தண்ணி," என்றாள் சரசு.

"இப்பதான குடிச்ச?"

"தாகமா கீதுக்கா. குளுருது."

மெத்தை அறையில் புழுக்கம் ஆளைக் கொன்றுகொண்டிருந்தது. தனம் தங்கையின் நெற்றியைத் தொட்டாள். ஈரமாக, சில்லென்று இருந்தது. உதடு வெளுத்திருந்தது. சரசு கொட்டாவி விட்டாள், மறுபடியும் விட்டாள், தூக்கம் வருகிறவள் மாதிரி இல்லை, காற்றைத் தேடுகிறவள் மாதிரி. தனம் போர்வைக்குள் கையை விட்டாள். சற்றுமுன் வைத்த துணி சொதசொதவென்று இருந்தது. பையில் இனிக் கிழிக்கப் புடவையில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஐயோ, ஆயா பார்த்தது சுத்தமான துணியைத்தானே! இந்த ரத்தத்தைப் பார்க்கவேண்டிய கண் ஒன்றுகூடப் பார்க்காதபடி மறைத்தது தான்தானே!

கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள். தடுப்புக்குப் பக்கத்தில் காவலுக்கு நின்ற செல்வமேரி பல்லைக் கடித்தாள்.

"உள்ள போ! வந்துட்டாங்க."

"யக்கா, தங்கச்சிக்கு ரத்தம் நிக்கல. ஒரு ஊசி…"

"சும்மா பேஜார் பண்ணாத. இப்பதான் பாத்தேன், நல்லாதான் கீது. ஊசி மருந்தெல்லாம் கண்ணாடி பீரோல அடுக்கிக்கீது, ஆபீசரு பாக்கறதுக்கு. அவங்க போவட்டும்."

கதவு சாத்தப்பட்டது. வெளியே பூட்ஸ் சத்தமும் பெரிய டாக்டரின் குழைந்த குரலும் கேட்டன. கட்டிலுக்கு ஒரு பேஷன்ட் மேடம், அவசர மருந்து எல்லாம் ரெடி ஸ்டாக் மேடம். உள்ளே எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை சிணுங்கியது, அதன் தாய் உடனே மார்பைத் திணித்தாள். சரசுவின் கண் பாதி மூடியிருந்தது. தனம் அவள் கன்னத்தைத் தட்டினாள். "சரசு, என்னப் பாருடி. தூங்காதடி." பக்கத்திலிருந்தவள் கலவரத்தோடு உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். கத்தினால் துரத்திவிடுவார்கள். கத்தாவிட்டால் அம்மா போன வழியில் இவளும் போய்விடுவாள். தனத்துக்குக் கத்தத்தான் வாய் திறந்தது, ஆனால் தொண்டையில் காற்றுதான் வந்தது. பயம் அவளை அப்படிப் பிடித்திருந்தது.

அவள் மெத்தைகளுக்குப் பின்னால் கையை விட்டு அந்தத் துப்பட்டிச் சுருட்டை எடுத்தாள். கனத்தது. மார்போடு அணைத்துக்கொண்டு, கதவைத் தோளால் தள்ளி, செல்வமேரியின் கைக்குச் சிக்காமல் தடுப்பைச் சுற்றி வார்டுக்குள் வந்து நின்றாள்.

வெள்ளை விரிப்புகளுக்கு நடுவே அதிகாரிகள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒரு பெண் டாக்டர், நரைத்த தலை, கனிவான முகம். தனம் அணைத்திருப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் நீட்டினார்.

"என்னம்மா குழந்தை? ஆணா, பொண்ணா?"

தனம் அதை அவர் கையில் வைத்தாள். துப்பட்டி பிரிந்தது. அந்த அம்மாள் ஒரு கணம் கையைப் பார்த்தார், முழங்கைவரை வழிந்ததைப் பார்த்தார்.

"யாருக்கு? எங்கேம்மா?"

தனம் திரும்பி, பச்சைத் தடுப்பைக் காட்டினாள். பெரிய டாக்டர், "அங்கே ஒண்ணும் இல்லை மேடம், ஸ்டோர்தான்," என்று சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மாள் தடுப்பை இழுத்துத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தார்.

உள்ளே பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினார்களே தவிர ஒருத்தியும் அசையவில்லை, குழந்தைகளின் வாயைப் பொத்திய கைகளை எடுக்கவில்லை. எல்லா முகங்களும் கதவைப் பார்த்தன. சுவரோரம் சரசுவின் முகம் மட்டும் கதவைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் சாய்ந்திருந்தது.