மகாராணி எந்தப் பக்கம் போவாள்?

1

இந்தக் கதையை நான் குப்புறப் படுத்துக்கொண்டு கேட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

வலது தோள்பட்டை இறுகிப்போய், கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் இரண்டு மாதம் திண்டாடிவிட்டு, ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி அறைக்குப் பன்னிரண்டு நாள் போனேன். அங்கே கட்டிலில் முகம் வைக்க ஒரு ஓட்டை உண்டு. அதன் வழியாக எனக்குத் தெரிந்ததெல்லாம் தரையின் வெள்ளை ஓடுகளும் பிசியோவின் விளையாட்டுக் காலணிகளும்தான். ஆகவே இனிமேல் ‘அவள் முகம் வாடியது’ என்று எங்கேயாவது வந்தால் அது என் கைச்சரக்கு. கதை அவளுடையது, முகம் என்னுடையது.

(நேரில் அவரை ‘மேடம்’ என்றுதான் கூப்பிட்டேன். கதைக்குள் வந்துவிட்டால் யாராக இருந்தாலும் அவள்தான். கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

“எழுதறதா இருந்தா எழுதுங்க சார். ஆனா எங்களைத் தோக்க வெச்சுடாதீங்க” என்றாள் மூன்றாம் நாள்.

“ஏன் அப்படிச் சொல்றீங்க?” என்றேன் ஓட்டைக்குள்ளிருந்து.

“உங்க ஆளுங்க கதையில யாராவது ஜெயிச்சு நான் பார்த்ததே இல்லை.”

2

முதல் வரைவின் தொடக்கம்: ‘அரங்கம் அதிர்ந்துகொண்டிருந்தது. ஐந்து வருடங்களாக அசைக்க முடியாத—’

வேண்டாம். எல்லா விளையாட்டுக் கதையிலும் அரங்கம் அதிர்கிறது. அன்றைக்கு வந்திருந்ததே முந்நூறு பேர். அதில் பாதி, வேலை முடிந்து சீருடையோடு ஓடிவந்த ஆஸ்பத்திரிக்காரர்கள்.

இரண்டாம் வரைவின் தொடக்கம்: ‘இடம், வலம் என்பவை மனிதன் தன் வசதிக்காக—’

கட்டுரை வாடை அடிக்கிறது. இதையும் விட்டுவிட்டேன்.

மூன்றாவதாக, ஒரு நோட்டிலிருந்து தொடங்குகிறேன். கோடு போடாத, நீல அட்டை போட்ட, மூலை மடங்கிய நோட்டு. அவளுடையது.

3

பிசியோ ஒரு காலத்தில் கூடைப்பந்து ஆடியவள். முழங்கால் போனபின் ஆஸ்பத்திரிப் பெண்கள் அணிக்குச் சிகிச்சையாளராகப் பெஞ்சில் உட்கார ஆரம்பித்தாள். அவர்களுடைய ஜென்ம எதிரி வங்கி அணி. தொடர்ந்து ஐந்து வருடம் சாம்பியன். அதில் மூன்று வருடம் இறுதியாட்டத்தில் இவர்களைத்தான் துவைத்துக் காயப்போட்டார்கள்.

இந்த வருடமும் இறுதியாட்டம் அவர்களோடுதான் என்று ஆனதும், கோச் பிசியோவைக் கூப்பிட்டார். கோச் என்றால் வேறு யாருமில்லை, தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைமை நர்ஸ். எல்லோருக்கும் ‘சிஸ்டர்’. (இவரை மட்டும் ‘அவள்’ என்று எழுதக் கை வரவில்லை.) “அவங்க ஆடின நாலு மேட்ச் நீ பார்த்திருக்கே. ஒவ்வொருத்தியோட பலம் என்ன, பலவீனம் என்ன, எழுதிக் குடு” என்றார்.

நோட்டில் இருந்ததை அவள் எனக்கு ஒப்பித்தாள். அவள் வைத்த பட்டப்பெயர்களோடு அப்படியே தருகிறேன்.

ஏணி. பலம்: கையை நீட்டினாலே வளையம். பலவீனம்: கொஞ்சம் ஓடினாலே இடுப்பைப் பிடித்துக்கொள்கிறாள். ஓடவிட வேண்டும்.

வக்கீல். பலம்: பந்தைப் பறிப்பதில் படு சுத்தம். பலவீனம்: ஃபவுல் கேட்டுக் கிடைக்காவிட்டால் நடுவரோடு வழக்காட நின்றுவிடுவாள். அவள் வாதாடி முடிப்பதற்குள் நாம் ஒரு கூடை போடலாம்.

தபால். பலம்: யார் எங்கே நின்றாலும் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். பலவீனம்: யாருக்குக் கொடுக்கப் போகிறாளோ அவளை ஒரு நொடி முன்பே பார்த்துவிடுவாள்.

மகாராணி. பலம்: வலப்பக்கம் போய் எறிந்தது முப்பத்தொன்று, இடப்பக்கம் போய் எறிந்தது இருபத்தொன்பது. இரண்டும் ஒன்றுதான். பலவீனம்: இல்லை.

(வங்கி அணியில் ஐந்தாவதாக ஒருத்தியும் ஆடினாள். நோட்டில் அவளுக்கு இடமில்லை. நட்சத்திரங்களோடு ஆடுகிறவர்கள் கதி அதுதான். எனக்கும் அவளை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.)

4

இப்போது ஒரு சங்கடமான பாத்திரம். பிசியோவின் நாத்தனார். கணவரின் தங்கை, ஒரே வீடு, அதே ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அணியிலேயே எதிராளியை மறிப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

முதலில் இவளை வாய்த்துடுக்குக்காரியாக எழுதினேன். பிசியோவிடம் படித்துக் காட்டியபோது, “அவ அப்படி இல்லை சார். நான்தான் அப்படி” என்றாள். எழுதியதைக் கிழித்துப் போட்டேன். ஆட்டத்துக்குப் பத்து நாள் முன்பு, சமையலறையில் நடந்தது இதுதான்.

“அண்ணி, அந்த மகாராணி ஒரே பக்கமாத்தான் போறா. மூணு ஃபைனல்ல அவகிட்ட மாட்டியிருக்கேன்.”

“எந்தப் பக்கம்?”

“வலதுன்னு நினைக்கிறேன்.”

“நீ நினைக்கிறே. நான் எண்ணியிருக்கேன். அறுபது தடவை.”

“இல்லண்ணி, எனக்கு என்னவோ—”

“உன் லேப்ல ரிப்போர்ட் குடுக்கும்போது, ‘சர்க்கரை இருக்கிற மாதிரி தோணுது’ன்னா எழுதிக் குடுக்கிறே?”

நாத்தனார் வாயை மூடிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது அவள் முகம்— (பார்த்தீர்களா, வந்துவிட்டது.)

அதோடு முடியவில்லை. பலவீனமே இல்லாதவளைத் தடுக்க நல்ல ஆளை வீணாக்குவானேன் என்று சிஸ்டர் கணக்குப் போட்டார். நாத்தனாரைத் தபாலை மறிக்கப் போட்டார். மகாராணியை மறிக்க வேறொருத்தி. மூன்று வருடமாக மகாராணியை மடக்கியே தீருவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்? அன்றிலிருந்து வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. எல்லாம் நடுவில் இருந்த மனிதர் வழியாகத்தான்.

“உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க, துணி காஞ்சுடுச்சு.”

“அண்ணிகிட்ட சொல்லிடு அண்ணா, மடிச்சே வெச்சாச்சு.”

இருவரும் நின்றது ஒரே அறையில். பத்து நாள் அந்த மனிதர்தான் பந்து.

5

இறுதியாட்டத்தில் இடைவேளையின்போது வங்கி முப்பத்தெட்டு, ஆஸ்பத்திரி இருபத்தைந்து. ஏணி, வக்கீல், தபால் மூவரும் நோட்டில் இருந்தபடியே மாட்டினார்கள். மகாராணி மட்டும் தன் வீட்டு வரவேற்பறையில் உலாத்துவதுபோல ஆடினாள்.

இடைவேளை முடிந்து மூன்றாவது நிமிடம். ஸ்கோர் நாற்பத்து நான்கு, இருபத்தொன்பது. நாத்தனாருக்கு மூன்று ஃபவுல் ஆகிவிட, சிஸ்டர் அவளை வெளியே எடுத்தார். பெஞ்சில் ஒரே ஒரு நாற்காலி காலி. அண்ணிக்குப் பக்கத்தில். வேறு வழியில்லாமல் வந்து உட்கார்ந்தாள். துண்டால் முகத்தைத் துடைத்தவள் கண், அண்ணி நோட்டில் கையால் வரைந்து குறித்துக்கொண்டிருந்த மைதானப் படத்தில் விழுந்தது. பத்து நாளில் நேராகப் பேசிய முதல் வார்த்தை:

“அதை ஏன் அந்தப் பக்கம் குறிக்கிறீங்க?”

“எதை?”

“இப்ப மகாராணி போட்டாளே. வலதுபக்கம்தானே போனா? நீங்க இடதுல குறிச்சிருக்கீங்க.”

“அதோ, அந்தக் கோட்டோரமாத்தானே போனா?”

“ஆமா. இப்ப அது அவளுக்கு வலது. இடைவேளைக்கு அப்புறம் கூடை மாத்தியாச்சே, அண்ணி.”

இங்கே கதையை நிறுத்தி உங்களை எழுந்து நிற்கச் சொல்லப் போகிறேன். அறையின் வாசலைப் பார்த்து நில்லுங்கள். ஜன்னல் உங்கள் வலக்கைப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது வாசலுக்கு முதுகைக் காட்டித் திரும்புங்கள். ஜன்னல் இடக்கைக்கு வந்துவிட்டது, ஆனால் அது இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. இடைவேளைக்குப் பின் அணிகள் கூடை மாறும்போது ஆடுகிறவர்களுக்கு நடப்பது இதுதான். பார்த்துக் குறிக்கிறவர்கள் நோட்டைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்ள வேண்டும். பிசியோ திருப்பவில்லை. கூடையை மட்டும் மனதில் தூக்கி இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, பக்கத்துக் கோட்டோரம் என்றால் வலது, எதிர்க்கோட்டோரம் என்றால் இடது என்று குறித்துக்கொண்டே போனாள். மகாராணி அறுபது தடவையும் வலப்பக்கமாகவே போயிருக்கிறாள். இடைவேளைக்குப் பிந்தியதெல்லாம் நோட்டில் இடதாகிப்போனது.

ஆஸ்பத்திரியில் அவள் எழுதும் தாளில் மனித உடம்பின் படம் உண்டு. முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று. இரண்டிலும் ‘வ’, ‘இ’ என்று அச்சடித்திருக்கும். பத்தொன்பது வருடத்தில் ஒருவருக்கும் அவள் கால் மாற்றிச் சிகிச்சை செய்ததில்லை. கையால் வரைந்த மைதானத்தில் அந்த இரண்டு எழுத்தைப் போட மறந்திருந்தாள்.

“நீ சொன்னது சரி” என்றாள். அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டேன். “ரொம்ப நேரம் ஆன மாதிரி இருந்தது சார். ஆனா அதுக்குள்ள அவங்க இன்னொரு கூடைகூடப் போடலை” என்றாள்.

6

இந்த இடத்தில் எனக்கு ஒரு சபலம். அவளுக்கும் வந்ததாம். ‘சிஸ்டர், இப்பத்தான் கவனிச்சேன், அவ வலதுபக்கமாப் போறா’ என்று சொல்லிவிட்டால் போதும். ஆட்டமும் பிழைக்கும், மானமும் பிழைக்கும். நோட்டை யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்? அப்படி எழுதினால் கதைக்கு ஆழம்கூட வந்துவிடும். குற்ற உணர்ச்சி, மௌனம், இத்யாதி. ஆனால் அவள் அதைச் செய்யவில்லை. நான் என்ன செய்யட்டும்?

“சிஸ்டர், டைம்-அவுட் கேளுங்க.”

“எதுக்கு? யாருக்கு அடி?”

“எனக்கு.”

எல்லோரும் சுற்றி நின்றார்கள். அவள் நோட்டைத் தூக்கிக் காட்டினாள்.

“நோட்டு தப்பு. தப்பு என்னோடது. மகாராணி வலதுபக்கம் மட்டும்தான் போவா. இவ பத்து நாளைக்கு முன்னாடியே சொன்னா. நான்தான் இவ வாயை அடைச்சேன்.”

சிஸ்டர் ஒரு வார்த்தை சொன்னார். (என்ன வார்த்தை என்று பிசியோ எனக்குச் சொன்னாள். எந்தப் பத்திரிகையும் அச்சடிக்காது.) அப்புறம் நாத்தனார் பக்கம் திரும்பினார்.

“உனக்கு மூணு ஃபவுல் இருக்கு. அஞ்சானா வெளியே போயிடணும். அவளைப் பிடிப்பியா?”

“அஞ்சாவது வாங்கறதுக்குள்ள பிடிச்சுடறேன், சிஸ்டர்.”

7

ஒன்பதாம் நாள் ஒரு முடிவு எழுதிக்கொண்டு போனேன். கடைசிப் பந்து வளையத்தில் சுற்றிச் சுற்றி வெளியே விழுகிறது. ஒரு புள்ளியில் தோல்வி. பிசியோ நோட்டை மெல்ல மூடி— இந்த இடத்தில் என் தோளில் கட்டைவிரல் இறங்கியது. அலறிவிட்டேன்.

“நாங்க ஜெயிச்சோம் சார்.”

“இல்ல, கதைக்குன்னு வரும்போது—”

“ஜெயிச்சோம்.”

ஜெயித்தார்கள். இன்னொரு தரம் எழுதுகிறேன், எழுதவே சுகமாக இருக்கிறது. ஜெயித்தார்கள்!

நாத்தனார் போய் மகாராணியின் வலது தோளுக்கு எதிரே கதவு சாத்தியதுபோல நின்றாள். மகாராணி இடப்பக்கம் போய்த்தான் ஆக வேண்டும். போனாள். முதல் பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. இரண்டாவது வலையைக்கூடத் தொடவில்லை. மூன்றாவது தரம் கால் பின்னிக் கோட்டுக்கு வெளியே போய் நின்றாள். ஐந்து வருடம் யாரும் அவளை அந்தப் பக்கம் போக வைத்ததே இல்லை, பாவம், எப்படிப் பழகியிருப்பாள்? பதினைந்து ஒன்பதாகி, நான்காகி, ஒன்றாகி, காணாமல் போனது. நடுவில் நாத்தனாருக்கு நான்காவது ஃபவுலும் விழுந்தது. பாக்கி ஒன்றே ஒன்று.

பதினொரு நொடி பாக்கி. ஆஸ்பத்திரி ஐம்பத்தொன்பது, வங்கி ஐம்பத்தெட்டு. பந்து மகாராணி கையில். வலப்பக்கம் பார்த்தாள், அங்கே நாத்தனார். இடப்பக்கம் ஒரு அடி வைத்தாள். வைத்த அடியில் பந்து கையைவிட்டுப் போயிருந்தது. நாத்தனார் அதை எடுத்துக்கொண்டு, மைதானம் முழுக்க ஒற்றை ஆளாக ஓடிப்போய், கூடையில் போட்டாள். அறுபத்தொன்று, ஐம்பத்தெட்டு.

சீருடைக் கூட்டம் மொத்தமும் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. ஐம்பது வயது சிஸ்டர் நாற்காலி மேல் ஏறி நின்று ஆடினார். பிசியோ தன் முழங்காலை மறந்து குதித்தாள். மறுநாள் அவளுக்கு அவளே ஒத்தடம் கொடுத்துக்கொண்டாளாம். சரி, அரங்கம் அதிர்ந்தது. முந்நூறு பேராக இருந்தால் என்ன, அதிர்ந்தது.

8

அத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் திங்கட்கிழமை சிஸ்டர் பிசியோவைக் கூப்பிட்டு, “இனிமே நாமதான் சாம்பியன். ஊர்ல எல்லாரும் நம்மளைப் பார்த்துக் குறிப்பு எடுப்பாங்க. அவங்களுக்கு முன்னாடி நீ எடு” என்றார்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு தங்கள் ஐந்து பேரைப் பற்றியும் எழுதினாள். எதிரே நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எழுதியது:

பலம்: களத்தில் யாரையும் விடமாட்டாள். பலவீனம்: பேச்சில் சீக்கிரம் விட்டுவிடுவாள். தனக்குச் சரி என்று பட்டதை இன்னும் இரண்டு தரம் சொல்ல வேண்டும்.

நாத்தனார் படித்தாள். பேனாவை வாங்கினாள். ஐந்து வரிக்குக் கீழே ஆறாவதாக ஒரு வரி போட்டு, ‘அண்ணி’ என்று எழுதினாள்.

இதைப் பன்னிரண்டாம் நாள், கடைசி நாள், கேட்டேன்.

“பலம்னு என்ன எழுதினா?”

காலணிகள் அசையவில்லை. “‘பதினஞ்சு பாயின்ட் பின்னாடி இருக்கும்போது தப்பை ஒத்துக்கிட்டாங்க’ன்னு எழுதினா.”

குரல் கொஞ்சம் கம்மியது. அது என் சரக்கல்ல, காது நன்றாகத்தான் கேட்கிறது.

“பலவீனம்?”

“எழுந்திருங்க சார். கையைத் தூக்குங்க.”

எழுந்து தூக்கினேன். தலைக்கு மேல் போனது. முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தேன். நான் எழுதிவைத்திருந்த முகம் எதுவும் அது இல்லை.

“பலவீனம் என்னன்னு சொல்லலையே?”

“அதைப் படிச்சு நான் சிரிச்சேன் சார். சிரிச்சு சிரிச்சு கண்ல தண்ணி வந்துடுச்சு. அவளுக்கும்தான். அவ்வளவுதான் சொல்வேன், அது எங்க வீட்டு விஷயம்.”

எட்டு விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். ஒன்றுகூட உட்காரவில்லை. நான் யாருக்கும் அண்ணியுமில்லை, நாத்தனாருமில்லை. உங்களில் பலர் இருப்பீர்கள். ஆறாவது வரியின் மிச்சத்தை உங்களிடம் விடுகிறேன், இதோ பேனா.

ஒரே நிபந்தனை. அண்ணி எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் எழுதுவது உண்மையாக இருக்க வேண்டும், படித்துவிட்டு அவள் சிரிக்கவும் வேண்டும்.

அண்ணி. பலவீனம்: ……………………