தவளையின் பெல்ட்

பெல்ட் மறுபடியும் அறுந்தது, மேட்டின் பாதியில், எருமூட்டைகளோடு. வழக்கம்போல முதலில் ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. பிறகு இருக்கைக்கு அடியில் யாரோ செருப்பால் அடிப்பதுபோல் படபடவென்று ஒரு சத்தம். அதோடு சரி. இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது; சக்கரங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கீழே தொட்டிச் செடிகளுக்கு நடுவில் நின்றிருந்த அவள் தலையில் கைவைக்கவில்லை. அந்தக் கட்டமெல்லாம் எப்போதோ தாண்டியாகிவிட்டது. குழாயை மூடிவிட்டு, இன்றைக்கு யார் யாரைத் திட்டப் போகிறார்கள் என்று காத்திருந்தாள்.

அவர்களுடையது சரிவில் அமைந்த நாற்றுப் பண்ணை. கீழே கொட்டகை, விற்பனைக்கு வைத்த தொட்டிகள். மேலே, பச்சை வலைப் பந்தலுக்கு அடியில் இளங்கன்றுகள். மோட்டார் தள்ளும் தண்ணீர் பாதி மேட்டிலேயே மூச்சுவாங்கி நின்றுவிடும். அதனால் தண்ணீர், எரு, செம்மண் எல்லாம் வண்டியில்தான் மேலே போயாக வேண்டும். எந்தக் கரடுமுரடிலும் ஏறும் என்று சொல்லி விற்ற நாலு சக்கர வண்டி அது. இருசக்கர வண்டிபோல ஹேண்டில்பார், தடித்த டயர்கள், பின்னால் ஒரு தள்ளுவண்டியை மாட்டிக்கொள்ள ஒரு கொக்கி. பச்சை நிறம் என்பதாலும் குதித்துக் குதித்துப் போவதாலும் அதற்குத் தவளை என்று பேர்.

தம்பி இறங்கி வந்தான். செத்த பாம்பைத் தூக்கி வருவதுபோல் அறுந்த பெல்ட்டைக் கையில் தொங்கவிட்டிருந்தான். அவன் அவளுடைய தம்பி. தவளையை ஓட்டுவதும் கழற்றி மாட்டுவதும் அவன் பொறுப்பு. கொட்டகை வாசலில் அவள் கணவர் நின்றிருந்தார்.

"ஏன் மச்சான், பெல்ட்டைத் தின்னுறியா நீ?"

"நான் ஓட்டறேன் மாமா. மெல்லறதில்ல."

அவள் கணவரை அந்த வட்டாரத்தில் சீட்டுக்காரர் என்பார்கள். செடி என்று ஒன்றிருந்தால் அதில் அவர் எழுதிய சீட்டு தொங்கும்; நல்ல கையெழுத்து, அழியாத மை. செடியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சுவிட்சுக்குச் சீட்டு, உப்பு டப்பாவுக்குச் சீட்டு, எந்தச் செருப்பு எந்தப் பலகையில் என்பதற்கும் சீட்டு. நாய்க்கும் ஒன்று கட்டிப் பார்த்தார். அது கடித்துத் துப்பிவிட்டது. வீட்டிலேயே சுயபுத்தி உள்ள ஜீவன் அது ஒன்றுதான் என்று தம்பி சொல்வான்.

பெல்ட் விஷயத்தில் ஆளுக்கொரு கட்சி. மச்சான் ஆக்சிலேட்டரை முறுக்கு முறுக்கென்று முறுக்குகிறான் என்பது சீட்டுக்காரரின் கட்சி. கடைக்காரன் போலி பெல்ட்டைத் தலையில் கட்டுகிறான் என்பது தம்பியின் கட்சி. காலையில் பல் துலக்கும்போது தொடங்கினால் தட்டைக் கழுவி வைக்கும்வரை இதே பேச்சு. நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பரிமாறுகிறவளுக்குக் கட்சி எதுவும் இல்லை. மேலே கன்றுகள் வாடிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான்.

இந்தத் தடவை புது பெல்ட் வாங்க அவளே போனாள். கடைக்காரர் பழையதை மேசைமேல் போட்டுப் புரட்டினார். ஓர் இடத்தில் மட்டும் ரப்பர் எரிந்து இளைத்திருந்தது. ஓரங்கள் கண்ணாடிபோல் வழவழத்தன. சக்கரத்தைச் சுற்றவிடாமல் பாரம் இழுத்துப் பிடிக்கும்போது பெல்ட் ஒரே இடத்தில் வழுக்கித் தேய்ந்து இப்படி வேகும் என்றார்.

"ஒழுங்கா ஓட்டினா வருஷக்கணக்கா உழைக்கும்மா இது. நீங்க என்னடான்னா பால் பாக்கெட் மாதிரி வாங்கறீங்க." பிறகு சந்தேகத்தோடு கேட்டார்: "மேடு ஏறும்போது கனத்துக்கான கியர்லதானே போடறீங்க?"

அவள் அங்கேயே நின்று தம்பிக்குப் போன் போட்டாள். இருக்கிற இரண்டு கியரில் 'கனம்'தான் போடுகிறேன், 'லேசு' பக்கம் போனதே இல்லை, வேண்டுமானால் சத்தியம் செய்கிறேன் என்றான். கடைக்காரர் கையை விரித்தார். பெல்ட் அசல், கியரும் சரி என்றால் மிச்சம் இருப்பது ஓட்டுகிற கை ஒன்றுதான் என்றார்.

அந்தத் தீர்ப்பை அவள் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. கேட்டதும் சீட்டுக்காரர் எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் ஆணியில் மாட்டியிருந்த வண்டிச் சாவியில் புதுச் சீட்டு ஒன்று தொங்கியது: 'மச்சானுக்கு இல்லை.'

தம்பி அதை வாசித்தான். துறைமுகக் கிடங்கில் வேலை செய்யும் சிநேகிதன் ரொம்ப நாளாகக் கூப்பிடுகிறான், மறுநாள் சாயங்கால பஸ்ஸில் கிளம்புகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு அலமாரியிலிருந்து சட்டைகளை எடுத்து அடுக்கத் தொடங்கினான். அவளுக்குக் கூடப்பிறந்தவன் என்று இருப்பது அவன் ஒருவன்தான். ஒரு ரப்பர் வளையத்துக்காக அவன் வீட்டைவிட்டுப் போகிறான் என்பதை நினைக்க அவளுக்கு அழுகை வரவில்லை, இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்க வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் காலையில் சீட்டுக்காரர் ஒரு புதுக் கட்டடத்தில் செடி நடப் போய்விட்டார். போகிற போக்கில் கடைசி உபகாரம் என்று சொல்லிக்கொண்டே தம்பி புது பெல்ட்டை மாட்டினான். சாவியை மட்டும் தொடவில்லை. அவள் சீட்டை இன்னொரு தடவை படித்துப் பார்த்தாள். மச்சானுக்கு இல்லை என்றுதான் இருந்தது. மச்சானின் அக்காவைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை.

வெறும் வண்டியை அவள் முன்பே ஓட்டியிருக்கிறாள். பாரத்தோடு ஓட்டுவது இதுதான் முதல் தடவை. தள்ளுவண்டியில் தண்ணீர் டிரம்களை ஏற்றி, கியர்க் கம்பியைக் கணவர் வெள்ளை பெயின்ட்டில் 'கனம்' என்று எழுதியிருந்த இடத்தில் வைத்தாள். முட்டைக் கூடையைத் தலையில் வைத்திருப்பவள்போல் அவ்வளவு பதமாக முறுக்கினாள். மேடு தொடங்கியதும் இன்ஜின் அலறியது, வண்டி நத்தையாக நகர்ந்தது. பாதி வழியில் அந்த நாற்றம் வந்தது.

பிரேக்கைப் பிடித்து நிறுத்தினாள். அப்போதுதான் உறைத்தது. இப்போது ஓட்டுவது தம்பியின் கை அல்ல. ஆனால் நாற்றம் அதே நாற்றம்.

திறக்காத கதவை உதைப்பதுபோல, வருவது வரட்டும் என்ற எரிச்சலில்தான் கம்பியை 'லேசு' பக்கம் தள்ளினாள். தவளை ஒரு சின்ன உறுமலோடு கிளம்பியது. அவசரமும் இல்லை, முனகலும் இல்லை. சம்பளம் உயர்ந்த வேலைக்காரன்போல் டிரம்களை இழுத்துக்கொண்டு பந்தல்வரை போய் நின்றது. பெல்ட் மூடியின்மேல் கைவைத்துப் பார்த்தாள். சூடு பொறுக்கும்படி இருந்தது. நாற்றம் இல்லை.

கம்பியருகே படிந்திருந்த சேற்றை விரலால் சுரண்டினாள். 'கனம்' என்று எழுதியிருந்ததற்கு மேலே கம்பெனி பொறித்த ஆங்கில எழுத்து எச். 'லேசு' என்பதற்கு மேலே எல். வண்டி வந்த அன்று கையேட்டைப் பிரிக்கவே விடாமல், ஹெவி, லைட், இதுக்கு ஒரு புத்தகமா என்று கணவர் தூரிகையை எடுத்தது ஞாபகம் வந்தது. கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு நேரே கொட்டகைக்கு இறங்கினாள். அங்கே மருந்தடிக்கும் மெஷினின் திருகிலும் அதே இரண்டு எழுத்துகள். எச்சுக்குப் பக்கத்தில் 'வேகம் அதிகம்', எல்லுக்குப் பக்கத்தில் 'வேகம் குறைவு'. இங்கே மட்டும் ஹை, லோ என்று சரியாகப் படித்திருக்கிறார். அதே கையெழுத்து, அதே வெள்ளை பெயின்ட்.

கடைக்காரர் கனத்துக்கான கியர் என்றபோது, வேகம் குறைந்து பாரம் இழுக்கும் எல் கியரைச் சொல்லியிருக்கிறார். தம்பி கனம் என்றபோது எச் கியரைச் சொல்லியிருக்கிறான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. வெந்தது பெல்ட்.

மத்தியானம் சீட்டுக்காரர் திரும்பினார். சொன்னால் அவர் வாதாடுவார் என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஒன்றும் சொல்லாமல், மிச்ச எருமூட்டைகளை அவரே மேலே கொண்டுபோய்ச் சேர்க்கட்டும் என்றாள். எப்படி ஓட்டுவதென்று பார்த்துக்கொள்ள மச்சானுக்கும் இது கடைசிச் சந்தர்ப்பம் என்று அவர் உற்சாகமாக ஏறினார். தம்பி வாசலில் பையின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

கனத்தில் போட்டு, அவர் பதமாகத்தான் ஓட்டினார். பாதி மேட்டில் நாற்றம் வந்தது. அவரே நிறுத்தினார், பின்னாலேயே நடந்துபோன அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இப்போ யாருங்க ஓட்டினது?"

அவர் பெல்ட் மூடியைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார்.

"லேசுல போடுங்க."

"மூட்டையோடவா?"

"போடுங்க."

தவளை ஏறிவிட்டது. அவர் மூட்டைகளை இறக்கி வைத்தார். கீழே வந்ததும் அவளே அவரை மருந்து மெஷினுக்கு முன்னால் நிறுத்தினாள். அதிலிருந்த தன் எழுத்தை அவர் புதிதாகப் படிப்பதுபோல் படித்தார்.

"வண்டி செய்யறவன் தமிழ்ல எழுதித் தொலைச்சிருக்கலாம்" என்றார் கடைசியில்.

பதில் சொல்லத் தொடங்கினால் பஸ் போய்விடும். வாசலுக்கு வந்து தம்பியிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான், பிறகு கோபம் வந்துவிட்டது. இத்தனை நாள் எச்சில் சோறு தின்கிறவன்போல் பேச்சு வாங்கியது யார் என்று கேட்டான். மாமா வாயால் ஒரு வார்த்தை சொன்னால் ஒழியப் பையை அவிழ்க்க மாட்டேன் என்றான்.

"அவருக்கு வாயில வராதுடா. சீட்டுல வருதான்னு பாக்கலாம்."

சீட்டுக்காரர் கொட்டகையிலிருந்து வெளியே வந்தார். தவளையின் பழைய எழுத்துகளைச் சுரண்டிவிட்டு, எல்லுக்குப் பக்கத்தில் 'மேடு, மூட்டை' என்றும், எச்சுக்குப் பக்கத்தில் 'சமதரை, வெறும் வண்டி' என்றும் எழுதினார். பெயின்ட் காயும்வரை ஊதினார். பிறகு ஆணியிலிருந்து சாவியை எடுத்து, அதில் தொங்கிய சீட்டிலிருந்து 'இல்லை' என்பதை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, மச்சானிடம் நீட்டினார்.

தம்பி 'மச்சானுக்கு' என்று மிச்சமிருந்ததைப் படித்தான். சாவியை வாங்கவில்லை.

"தப்பு என்னோடதுன்னு இதுலயே ஒரு வார்த்தை சேத்திருக்கலாம் மாமா."

"சீட்டுல இடம் இல்ல மச்சான்."

"திருப்புங்க," என்றாள் அவள். "பின்பக்கம் காலியாத்தான் இருக்கு."

அவர் அவளைப் பார்த்தார், தம்பியின் பையைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து அழியாத மைப் பேனாவை எடுத்து, மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றினார்.