மாமியார் கேட்ட காரணம்

எங்கள் வீட்டில் காலையில் முதலில் வாய் திறப்பது அண்ணனின் கணினிதான். "ராக்கெட். ராக்கெட். ராக்கெட். கைதட்டும் கைகள். தீ. சரி பண்ணியாச்சு. ராக்கெட்." இப்படி அது மூச்சு விடாமல் ஒப்பிக்கும்போது நான் பல் தேய்த்துக்கொண்டிருப்பேன். வாயில் நுரையோடு வந்து அந்த ஸ்பீக்கரை ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்தால் என்ன என்று தோன்றும்.

அண்ணனுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. திரையில் இருப்பதை ஸ்கிரீன் ரீடர் வாசித்துக் காட்டும்; அதைக் கேட்டுத்தான் நிரல் எழுதுகிறான். நான் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். "ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுறா, சொந்த வீட்டுல ஒரு வியாபாரம் ஆகல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

எந்தப் பஸ் எப்போது வரும் என்று சொல்லும் இலவசச் செயலி ஒன்றை ஏழெட்டுப் பேர் சேர்ந்து செய்கிறார்கள். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்தது கிடையாது. சம்பளமும் கிடையாது, ஆசைக்குச் செய்வதுதான். அண்ணன் அதில் 'நத்தை' என்ற பெயரில் இருக்கிறான். நானும் அவன் வாலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தவள்தான். செயலி சொன்ன நேரத்துக்குப் பஸ் வந்ததா என்று கடைக்குப் போகும் வழியில் பார்த்துச் சொல்வேன்.

நிரலில் யார் எதை மாற்றினாலும் கூடவே ஒரு குறிப்பு எழுதி அனுப்ப வேண்டும். கமிட் மெசேஜ் என்பார்கள். நாலு வார்த்தை எழுதுவதற்குப் பதிலாக எங்கள் ஆட்கள் எமோஜி போட்டு ஒப்பேற்றிவிடுவார்கள். அதில் பெரிய கை, ராக்கெட் என்று நாங்கள் கூப்பிடும் வங்கி அதிகாரி. மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன், பொறுப்பான மனிதர். ஆனால் ஒரு காற்புள்ளியைத் திருத்தினால்கூட நாலு ராக்கெட் விட்டுவிட்டுத்தான் ஓய்வார்.

வரும் மாற்றங்களைப் பார்த்து, சேர்ப்பதா திருப்புவதா என்று முடிவு செய்கிறவர் ஒரு கணக்கு டீச்சர். அவருக்கு மாமியார் என்று பெயர். அவரிடம் பேசும்போதே அப்படித்தான் கூப்பிடுவோம். அவருக்கும் அதில் பெருமை. எதைக் கொடுத்தாலும் நொட்டை சொல்வார்.

அண்ணனுக்கு அவர் மேல் கொள்ளைப் பிரியம். முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில் அவன் எதை எழுதினாலும் படித்துக்கூடப் பார்க்காமல் "சூப்பர்" என்று வாங்கிக்கொள்வார்கள். "பாவம், இவ்வளவு செய்யறதே பெருசு" என்று அவன் காதுபடவே பேசுவார்கள். கேட்டுக் கேட்டுப் புளித்துப்போய் வேலையை விட்டான். அதனால் இந்தக் குழுவில் கண் விஷயத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. நானும் விடக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தான். மாமியார் திருப்பி அனுப்பினால் அன்று அவனுக்குத் தலைகால் புரியாது. "மூணு தப்பு கண்டுபிடிச்சுட்டாங்கடி!" என்று சமையலறை வரை வந்து சொல்வான்.

போன வாரம் செயலி எல்லாப் பஸ்ஸையும் ஒரு மணி நேரம் தள்ளிக் காட்டியது. அதை நம்பிக் கிளம்பி, கடையில் முதலாளியிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எந்த மாற்றத்தால் வந்த வினை என்று தேடினால் குறிப்பு முழுக்க ராக்கெட்டும் தீயும்தான். தேடியவர்களுக்குத் தாவு தீர்ந்துவிட்டது. மாமியாருக்கு வந்ததே கோபம்! ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரையும் போனில் கூட்டி உட்கார வைத்தார்.

"இனிமே குறிப்புக்கு ஒரு விதிமுறை வேணும். என்ன இருக்கணும், ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

அண்ணன் முந்திக்கொண்டான். "என்ன மாத்தினோம்னு நிரலைப் படிச்சாலே தெரிஞ்சுடும். ஏன் மாத்தினோம்னுதான் தெரியாது. அதனால 'ஏன்'னு ஒரு வரி இல்லாத எதையும் உள்ள விடக்கூடாது. மாமியாரே எழுதினாலும் சரி."

"அடேங்கப்பா, எனக்கேவா? சரி, ஒத்துக்கறேன். விதிமுறையில எதையாவது சேக்கணும்னாலும் இதே கதைதான். ஏன்னு எழுதித்தான் அனுப்பணும்."

ராக்கெட் மெதுவாகக் கேட்டார். "எமோஜி போட்டுக்கலாம்ல? நாள் பூரா பேங்க்ல மூஞ்சிய உர்ருனு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். இங்கயாவது கலகலன்னு இருக்கட்டுமே. அதனால யாருக்கு என்ன கஷ்டம்?"

நான் வாயைத் திறந்தேன். மேசைக்கடியில் அண்ணன் என் காலை நறுக்கென்று மிதித்தான். கூட்டம் முடிந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்ணா மிதிச்ச? யாருக்குக் கஷ்டம்னு கேட்டாரே, சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லிட்டா அப்புறம் மாமியார் என்னைத் திட்டவே மாட்டாங்க."

குரல் இறங்கியிருந்தது. பத்தோடு பதினொன்றாகத் திட்டு வாங்குவதற்கு அவனுக்குக் கிடைத்த ஒரே இடம் அதுதான்.

ஆனாலும் ராக்கெட் தொல்லை தாங்காமல், மத்தியானம் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தான். 'குறிப்பில் எமோஜி கூடாது. ஏன்: பார்க்கச் சுத்தமாக இருக்கும்' என்று விதிமுறையில் சேர்க்க எழுதினான்.

"பாக்க சுத்தமா இருக்குமா? யாரு, நீ பாத்தியா?"

"சும்மா இருடி" என்று சிரித்துக்கொண்டே அனுப்பினான்.

போன வேகத்தில் திரும்பி வந்தது. பேச்சில் எப்படியோ, எழுத்தில் மாமியார் செந்தமிழ்தான். கணினி வாசித்தது: "அழகு ஒரு காரணமா? யாருக்கு இடைஞ்சல், எப்படி இடைஞ்சல் என்று எழுதவும். இந்த விதியைக் கேட்டது தாங்கள்தானே?"

அண்ணன் அசடு வழிந்தான். கொஞ்ச நேரம் விரல்களை மேசையில் தட்டிக்கொண்டிருந்தான். "விதி கேட்டவனே டிமிக்கி குடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தான்.

'ஏன்: எனக்குக் கண் தெரியாது. ஸ்கிரீன் ரீடர் வாசிப்பதைக் கேட்டுத்தான் வேலை செய்கிறேன். ஒவ்வொரு எமோஜியையும் அது பெயர் சொல்லி வாசிக்கும். ராக்கெட் சாரின் ஒரு குறிப்பு முடிவதற்குள் என் காபி ஆறிவிடுகிறது.'

அவன் அனுப்பும்போது நான் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் பதில் போட்டவர் ராக்கெட். "சார், கண்ணு கலங்கிடுச்சு. நீங்க எங்களுக்குத் தெய்வம் மாதிரி." பின்னாலேயே மற்றவர்களும் வரிசை கட்டினார்கள். கணினி இடைவிடாமல் வாசித்தது: "கிரேட் சார். கூப்பிய கைகள். கூப்பிய கைகள். அழும் முகம். கூப்பிய கைகள்."

"ஆரம்பிச்சுட்டாங்க" என்றான் அண்ணன். முகம் செத்துப்போயிருந்தது. கணினியை அணைக்கக் கையை நீட்டினான்.

அதற்குள் மாமியாரின் பதில் வந்து விழுந்தது.

"மாற்றம் திருப்பி அனுப்பப்படுகிறது. ஒன்று, முதல் வரி நீளம். இரண்டு, விதிமுறையில் காபிக்கு என்ன வேலை? மூன்று, குறிப்பில் மட்டும் தடுத்தால் போதுமா? மேலே ஒரே கும்பிடாகக் கிடக்கிறதே, காதில் விழவில்லையா? நான்கு, நம் செயலியின் பட்டன்களை ஸ்கிரீன் ரீடர் சரியாக வாசிக்கிறதா? இல்லையென்றால், தெரிந்துகொண்டே இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை? கண் தெரியாதவர்கள் பஸ்ஸில் போவதில்லையா? எனக்கு உங்கள் மேல் கடும் கோபம். திருத்தி அனுப்பவும்."

அண்ணன் அதை மறுபடி வாசிக்க வைத்தான். இன்னொரு முறை வாசிக்க வைத்தான். பிறகு நாற்காலி பின்னால் சாய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"நாலு தப்புடி! நாலு! கடும் கோபமாம்!"

எனக்குச் சந்தோஷத்தில் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவனுக்குத் தெரியக்கூடாதென்று மூக்கை உறிஞ்சாமல் சமாளித்தேன்.

"அந்த நாலாவது நிஜம்தான்" என்றான், சிரிப்பு அடங்காமல். "ஒரு பட்டனையும் ஒழுங்கா வாசிக்காது. சொன்னா மாட்டிக்குவோமேன்னு நான் மட்டும் எப்படியோ சமாளிச்சுக்கிட்டேன். மத்தவங்க என்ன பண்ணுவாங்கன்னு யோசிக்கவே இல்ல."

"நல்லா வேணும் உனக்கு. பத்தாதுன்னா நானும் திட்டறேன்."

"நீ அப்புறம் திட்டு. இப்ப தள்ளு, முதல் வரியைச் சுருக்கணும்" என்று நாற்காலியை மேசையோடு இழுத்துப் போட்டுக்கொண்டான்.