காது குத்தாத இரும்பு

விடிவதற்கு முன்பே இரும்பு உருக்காலையின் யார்டில் சுத்தியல்கள் இறங்கத் தொடங்கிவிடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மதுக்கரையின் சிமெண்ட் தூசியையும் சேர்த்துக்கொண்டு வரும். நாக்கில் சுண்ணாம்புச் சுவை. பாவாத்தாளும் மற்றப் பெண்களும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பழைய இரும்புக் குவியலில் குனிந்திருப்பார்கள். வளைந்த சைக்கிள் ரிம்கள், பீளமேட்டில் ஏதோ ஒரு மில் மூடப்பட்டபோது வந்த நூற்பு எந்திரத் துண்டுகள், லாரிகளில் கழற்றிய உருளைகள், குழாய்கள். பனியில் நனைந்த இரும்பு விரலைக் கடிக்கும்.

இருபுறமும் அடைத்த குழாய்தான் எங்கள் எதிரி. உள்ளே கொஞ்சம் தண்ணீர் இருந்தால் போதும். உருகிய இரும்பில் விழுந்ததும் வெடிக்கும். அடைத்தது எது கிடைத்தாலும் பெண்கள் அதில் உளியால் ஒரு துளை போட்டுவிடுவார்கள். யார்டில் அதற்குக் காது குத்துவது என்று பெயர். மேலே உலை மேடையில் நிற்கும் காளிச்சாமி துளையைப் பார்த்த பிறகுதான் உள்ளே தள்ளுவான். துளை இல்லாததைக் கீழே எறிவான்.

“ஏனுங்க பாவாத்தாக்கா, இந்தக் கொழந்தைக்குக் காது குத்தலீங்களா?”

“தாய்மாமன் நீ மேலயே நின்னுக்கிட்டா எப்படிக் குத்தறது? எறங்கி வந்து மடியைக் காட்டு!”

யார்டு முழுவதும் சிரிக்கும்.

நான் அங்கே கெமிஸ்ட். உருகிய இரும்பில் மாதிரி எடுத்துச் சோதிப்பது வேலை. என் மனைவி லோகப்பிரியா பிரசவத்தில் குழந்தையோடு இறந்த பிறகு, எல்லோருக்கும் முன்பாக ஆலைக்கு வந்துவிடுவேன். வீட்டில் இருப்பதைவிட அது எளிது. தொழிலாளர்கள் என்னிடம் அதிகம் பேசமாட்டார்கள். ஆபீஸ் அறையில் உட்காருகிறவன் காதில் விழுவது முதலாளி காதிலும் விழும் என்பது அவர்கள் கணக்கு. நான் மறுக்கவில்லை.

முதலாளி திருமூர்த்தி தோட்டம் விற்றுத் தொழிலுக்கு வந்தவர். அந்த வருடம் நகரத்து ஓட்டலில் நடந்த தொழிலதிபர் கூட்டத்தில் பேசினார். மலையைத் தோண்டாமல், காட்டை அழிக்காமல், தூக்கி எறிந்த இரும்பையே திரும்பத் திரும்ப உருக்கினால் நாளைய பிள்ளைகளுக்கும் பூமி மிஞ்சும் என்றார். கைதட்டினார்கள். நானும் இருந்தேன். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பழைய இரும்பைக் கையால் புரட்டிப் பார்க்கிறவர்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் பிரஸ்கட்டுகள் வரத் தொடங்கின. எங்கேயோ எந்திரத்தில் அழுத்திப் பெட்டிபோலச் சதுரமாக்கிய இரும்பு. தார்ப்பாய் மூடிய லாரி யார்டில் நிற்காமல் நேரே மேடைக்குப் போகும்.

பாவாத்தாள் ஒருநாள் என்னை நிறுத்தினாள்.

“அதுக்குள்ள என்ன இருக்குதுங்க சார்?”

“வெறும் தகடுதான்னு சொன்னாங்க.”

“ஆரு சொன்னாங்க?”

“விக்கறவங்க.”

“கத்திரிக்கா விக்கறவன் சொத்தைன்னு சொல்லுவானுங்களா?”

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்தும் மறைக்கிறேன் என்று நினைத்திருக்கலாம். அடுத்த வாரம் யார்டில் பாதிப் பெண்களை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள்.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலை. மேடையில் ஈரமான கட்டுகள் இருந்தன. காளிச்சாமி ஒரு பிரஸ்கட்டைக் கம்பியால் தட்டிக் காது கொடுத்தான். இன்னொரு முறை தட்டினான்.

“மந்தமாக் கேக்குதுங்க. இதைப் பிரிச்சுப் பாத்துப்போட்டுப் போடலாமுங்க.”

“கரண்டு நிக்கறதுக்குள்ள உருக்கோணும். போடப்பா” என்றார் மேஸ்திரி தனபால்.

காளிச்சாமி தள்ளினான்.

சத்தம் கேட்டபோது நான் மாதிரிக் கரண்டியோடு படியில் நின்றிருந்தேன். கூரைத் தகடு அதிர்ந்தது. வெள்ளை நெருப்பு மேலே எழுந்து மழைபோல இறங்கியது. காளிச்சாமி முகத்தைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டிருந்தான். கிரேன் ஓட்டும் நரசிம்மலு இறங்கி ஓடிவந்து அவனைத் தோளில் சுமந்தான். சட்டை கருகிய வாசமும் சதை கருகிய வாசமும் ஒன்றாக இருந்தன.

வலது கண் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

வெடித்த குழாயின் ஒரு துண்டு மேடையில் கிடந்தது. அதை லேபுக்கு எடுத்துப்போய்ப் பார்த்தேன். ஒரு முனையில் அடைப்பு அப்படியே இருந்தது. குழாயின் உடம்பு எந்திரத்தில் அகப்பட்டதுபோல நசுங்கியிருந்தது.

மறுநாள் காலை திருமூர்த்தி யார்டுக்கு வந்தார். குரலை உயர்த்தவில்லை. அவர் எப்போதும் உயர்த்துவதில்லை.

“பாவாத்தா, உன்னை நம்பித்தான யார்டை உட்டிருந்தேன்? ஒரு மனுசன் கண்ணு போச்சே அம்மணி.”

“அந்தக் கொழாய் எங்க கைக்கே வரலீங்க.”

“பின்ன ஆகாசத்துல இருந்தா உழுந்துச்சு?”

“உங்க லாரியில வந்துச்சுங்க.”

“வாய் நீளுது. நாளையிலிருந்து யார்டு வேண்டாம். நீங்க எல்லாம் ஊடு பாத்துப் போலாம்.”

பெண்கள் எழுந்து நின்றார்கள். யாரும் நகரவில்லை. வேலை போவது மட்டுமல்ல. ஒருவனைக் குருடாக்கியவள் என்ற பேரோடு பாவாத்தாள் ஊருக்குள் நடக்கவேண்டும்.

திருமூர்த்தி என்னை அறைக்குள் அழைத்தார்.

“கண்ணு, நாளைக்கு பேக்டரி இன்ஸ்பெக்டர் வாராரு. நீ படிச்சவன். கொழாய் யார்டுல இருந்து வந்ததுன்னு நீ சொன்னாப் போதும். அவுங்களுக்கென்ன, வேற பக்கம் வேலை கெடச்சுரும். ஆலை நின்னா இத்தனை குடும்பமும் நிக்கும். உன் நெலமை எனக்குத் தெரியும். ஒண்டியா எத்தனை நாளைக்கு இருப்பே? லேபுக்கு உன்னையே மேனேசராப் போட்டறலாம்.”

தேநீர் வந்தது. நான் குடிக்கவில்லை. லோகப்பிரியா இறந்த அன்று அவர் தன் காரை அனுப்பினார். அது அன்போ முன்பணமோ, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் புரியவில்லை.

வெளியே வந்தேன். கேட்டருகே ஷிப்டுக்கு வந்தவர்களும் யார்டுப் பெண்களும் நின்றார்கள். பேச்சு நின்றது.

“டீ சூடா இருந்துச்சுங்களா சார்?” என்றாள் பொற்கொடி. காளிச்சாமியின் தங்கை, யார்டில்தான் வேலை.

“குடிக்கலை.”

“அப்ப ஹார்லிக்ஸா?”

சிலர் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு அல்ல.

வெடித்த குழாய்த் துண்டை லேபிலிருந்து எடுத்துவந்து பாவாத்தாளிடம் கொடுத்தேன்.

“இது நசுங்கியிருக்கு. கட்டுக்குள்ள வந்ததுதான். இன்ஸ்பெக்டர் கிட்டயும் அதைத்தான் சொல்லுவேன்.”

அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இன்னைக்கு இங்க சொல்றீங்க. நாளைக்கு அங்க எப்படியோ?”

“நம்ப வேண்டாம். வந்து பக்கத்துல நில்லுங்க.”

தனபால் ஓரமாக நின்றிருந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். அவர் முதலாளியின் தூரத்து உறவு. அவர் வாயைத் திறப்பார் என்று யாரும் நினைக்கவில்லை.

“அவன் வேண்டாம்னான். போடுன்னு சொன்னது நானு” என்றார். “நானும் சொல்றேன்.”

“இத்தனை நேரம் எங்கீங்க போயிருந்தீங்க?” என்று கேட்டாள் பொற்கொடி. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவளும் அவரை விடவில்லை. பார்வை அவர் முகத்திலேயே இருந்தது.

பேச்சு மெல்ல வளர்ந்தது. பிரிக்காத பிரஸ்கட்டை இனி உலையில் போடுவதில்லை. யார்டுப் பெண்களை அனுப்பினால் மேடையிலும் ஆள் இருக்காது. அது தீரும்வரை உலையை நிறுத்துவது என்றானது.

“உலைக்குள்ள இரும்பு உருகி நிக்குதே, அதை என்ன பண்றது?” என்றான் நரசிம்மலு. “இப்படியே உட்டா இறுகிப்போயி உலையே பாழாயிரும்.”

“அது நம்ம உலை. பாழாக்க வேண்டாம்” என்றாள் பாவாத்தாள். “ஊத்திப்போட்டு எறங்குங்க.”

மேடைக்காரர்கள் ஏறினார்கள். கடைசிச் சொட்டு வரை அச்சுகளில் ஊற்றினார்கள். நான் மாதிரி எடுத்தேன். நல்ல இரும்பு. நரசிம்மலு கிரேனை ஓரம்கட்டிப் பூட்டிவிட்டு இறங்கினான். உலையின் இரைச்சல் அடங்கியதும், சாலையில் போகும் பஸ்ஸின் சத்தம் முதல்முறையாக எங்களுக்குக் கேட்டது.

திருமூர்த்தி வாசலுக்கு வந்தார். அங்கே எல்லோரும் இருப்பதைப் பார்த்தார். தனபாலையும் பார்த்தார்.

“நீயுமா? சரி. ஒரிசாவுல இருந்து ஆள் எறக்கினா நாளைக்கே ஓடும்.”

“எறக்குங்க. அவனுக்கும் ரெண்டு கண்ணுதானுங்க இருக்கும்” என்றாள் பாவாத்தாள். “அவன்கிட்டயும் சொல்லுவோம்.”

“கிருபா, நீ உள்ள வா” என்றார் என்னிடம். கண்ணு என்பது போயிருந்தது.

நான் போகவில்லை.

அப்போது அந்த வாரத்துப் பிரஸ்கட்டு லாரி உள்ளே திரும்பியது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, “எங்கீங்க எறக்கறது?” என்று கேட்டான்.

திருமூர்த்தி மேடைப் பக்கம் கை காட்டினார். மேடைக்குப் போகும் வழியில் நாங்கள் நின்றிருந்தோம். பொற்கொடி யார்டுப் பக்கம் கை காட்டினாள். நரசிம்மலு காட்டினான். தயங்கித் தயங்கித் தனபாலும் காட்டினார். பாவாத்தாள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் தூக்கினேன்.

ஓட்டுநர் எங்களையும் முதலாளியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு, ஒரு பீடியைப் பற்றவைத்து, “நீங்க பேசி முடிங்க, நான் இருக்கறேன்” என்றான்.